காப்பதும் கழிப்பதும்

நுழையும்முன்

ஏட்டில் எழுதியதை ஏட்டிலேயே படியெடுத்துக் காத்தது பழைய தலைமுறை. ஒரே சொடுக்கில் ஆயிரம் பக்கங்களைப் படியெடுக்கிறது இன்றைய தலைமுறை. படியெடுத்தல் எளிதானபோது புதிய சிக்கல் ஒன்றும் உடன்பிறந்தது. காப்பதற்காக எடுக்கப்பட்ட நகல்களே கணினியின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அவற்றுள் எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மடிக்கணினியில் ஒருநாள் சேமிப்பிடம் போதவில்லை என்னும் அறிவிப்புத் தோன்றுகிறது. புதிய கோப்பைச் சேமிக்க இயலவில்லை; இயங்குதளத்தின் புதுப்பிப்புப் பாதியில் நிற்கிறது; கணினியின் வேகமும் குறைகிறது. இதற்குக் காரணம் உண்டு. இயங்குதளம் தன் அன்றாடப் பணிக்கு வட்டில் சிறிது வெற்றிடத்தை எதிர்பார்க்கிறது. நினைவகம் நிரம்பும்போது அதிலுள்ள தரவின் ஒரு பகுதியை அது தற்காலிகமாக வட்டுக்கு மாற்றுகிறது. வட்டும் நிறைந்துவிட்டால் அப்பணி தடைபடுகிறது.

இந்நிலையில் மிகப் பெரிய கோப்பு எதுவெனத் தேடி அதனை அழிக்கவே பலரும் முற்படுவர். ஆனால், கோப்பின் அளவு அதன் மதிப்பைச் சொல்வதில்லை. 'இது எவ்வளவு பெரியது?' என்பதன்று, 'இது வேறெங்கேனும் உள்ளதா?' என்பதே முதலில் எழவேண்டிய வினா.

இடம் எங்கே போயிற்று?

256 ஜிகாபைட் என்று குறிக்கப்பட்ட வட்டினை விண்டோஸ் இயங்குதளம் ஏறத்தாழ 238 ஜிகாபைட் என்றே காட்டும். வட்டினை உருவாக்குவோர் 100 கோடி பைட்டுகளை ஒரு ஜிகாபைட்டாகக் கொள்கின்றனர். விண்டோஸோ 107 கோடிக்கும் சற்று மிகுந்த பைட்டுகளை ஒரு ஜிகாபைட்டாக எண்ணுகிறது. எனவே, இது இழப்பன்று, அளவுகோலின் வேறுபாடு.

உண்மையில் இடத்தை நிரப்புவன வேறு. இயங்குதளம் புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய பதிப்பு 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் கோப்புறையில் வைக்கப்படுகிறது. மாற்றம் ஒத்துவராவிடில் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான ஏற்பாடு இது. பழுது நேர்ந்தால் முந்தைய நிலைக்கு மீள்வதற்கென எடுக்கப்படும் 'மீட்பு நிலைகளும்' இடம் கொள்கின்றன. கணினியுடன் இணைக்கப்படும் ஐபோனின் முழு நகல், பயனரின் கோப்புறைக்குள் கண்ணில் படாத ஆழத்தில் அமர்கிறது. இவற்றோடு மனிதர் தாமே எடுத்துவைக்கும் நகல்களும் சேர்கின்றன. ஒரே செயல்திட்டக் கட்டுரை 'இறுதி', 'இறுதி 2', 'திருத்திய இறுதி' என்று பல பெயர்களில் பெருகுவது பலரும் அறிந்ததே.

முழுக் காப்பும் மாற்றக் காப்பும்

காப்பு நகல் எடுக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் இருவகையில் செயற்படுகின்றன. எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொரு முறையும் படியெடுப்பது முழுக் காப்பு. முதலில் ஒருமுறை முழுமையாகப் படியெடுத்துப் பின்னர் மாறியவற்றை மட்டும் எடுப்பது மாற்றக் காப்பு.

ஒருவரிடம் 60 ஜிகாபைட் கோப்புகள் உள்ளன எனவும், நாள்தோறும் ஒரு ஜிகாபைட் அளவுக்கு அவை மாறுகின்றன எனவும் கொள்வோம். நாள்தோறும் முழுக் காப்பு எடுத்தால் 30 நாள்களில் 1800 ஜிகாபைட் இடம் வேண்டும். முதல்நாள் முழுக் காப்பும் அடுத்த 29 நாள்கள் மாற்றக் காப்பும் எடுத்தால் 89 ஜிகாபைட் போதும்.

இச்சிக்கனத்திற்கு ஒரு விலையும் உண்டு. மாற்றக் காப்புகள் சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைச் சார்ந்து நிற்பது. 'மிகப் பழையது, மிகப் பெரியது' என்று கருதி முதல்நாள் முழுக் காப்பை அழித்தால், எஞ்சிய 29 நகல்களும் பயனற்றுப் போகும். பத்தாம் நாள் நகலை அழித்தால், ஒன்பதாம் நாள் நிலைவரை மட்டுமே மீட்க இயலும். ஆதலால், காப்புக் கோப்புகளைக் கையால் பொறுக்கி அழித்தல் தகாது. அவற்றை உருவாக்கிய மென்பொருளின் வழியாகவே பழையனவற்றை நீக்கவேண்டும். எக்கண்ணியை எடுத்தால் சங்கிலி அறும் என்பதை அம்மென்பொருளே அறியும்.

கழித்தலையும் காத்தலின் ஒரு கூறாகவே கொண்ட மென்பொருள்களும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் 'டைம் மெஷின்' கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கொரு நகலையும், கடந்த ஒரு மாதத்திற்கு நாளுக்கொரு நகலையும், அதற்கு முந்தைய காலத்திற்கு வாரத்திற்கொரு நகலையும் வைத்துக்கொள்கிறது. காப்பு வட்டு நிறைந்ததும் மிகப் பழைய நகலைத் தானே நீக்குகிறது. அண்மைக்காலத்தை நெருக்கமாகவும் கடந்தகாலத்தை இடைவெளிவிட்டும் காப்பதே இதன் நெறி.

மூலமா, நகலா?

'நகல்தானே' என்று எண்ணி அழிக்கப்படுவது, எஞ்சியிருந்த ஒரே படியாக அமைந்துவிடுவதும் உண்டு. தமிழ் ஏடுகளுக்கு இக்கதி நேர்ந்தது. சிதைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ.வே.சாமிநாதர் தம் 'என் சரித்திரம்' நூலில் குறித்துள்ளார். படியெடுத்த பின்னர்ப் பழைய ஏட்டைக் கழித்தல் தவறன்று. படி உண்டா என்று பாராமலே விட்ட ஏடு திரும்பி வராது.

கணினி உலகிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் அசைவூட்டத் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தது. பிழையாக இடப்பட்ட ஒரு கட்டளை, படத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியது. காப்பு நகல்களை நாடியபோது அவை முறையாகப் பதிவாகவில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பிறந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன், தம் வீட்டுக் கணினியில் படத்தின் ஒரு படியை வைத்திருந்தார். அதனைக்கொண்டு பெரும்பகுதி மீட்கப்பட்டது. படம் 1999இல் வெளிவந்தது.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. சரிபார்க்கப்படாத காப்பு, காப்பன்று. வேறிடத்தில் உள்ள நகலே இடருற்றபோது உதவும். ஒரே மடிக்கணினியின் ஒரே வட்டில் மூலமும் நகலும் அடுத்தடுத்து இருப்பின், வட்டு பழுதாகும்போதோ மடிக்கணினி களவுபோகும்போதோ இரண்டும் ஒருசேர அழியும். இடத்தை அடைத்துக்கொண்டு பாதுகாப்பையும் தாராத இத்தகைய நகல்களே முதலில் இடம்பெயர வேண்டியவை.

கழிக்கும் முறை

இடத்தை மீட்கும் பணியில் வரிசைமுறை இன்றியமையாதது.

முதலாவது, கண்டறிதல். விண்டோஸின் அமைப்புகள் பகுதியில் உள்ள சேமிப்பகப் பக்கம், எவ்வகைக் கோப்பு எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பதைக் காட்டும். 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறை பொதுவாகப் பத்து நாள்களுக்குப்பின் தானே நீங்கிவிடும். அதற்குமுன் நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப இயலாது. மீட்பு நிலைகளுக்கு எவ்வளவு இடம் என்பதற்கு வரம்பு விதிக்கலாம். அவை இயங்குதளத்தை மீட்பனவேயன்றி, பயனரின் கட்டுரைகளையும் ஒளிப்படங்களையும் காப்பன அல்ல.

இரண்டாவது, இடம்மாற்றல். தேவையான நகல்களைப் புறவட்டுக்கு மாற்றவேண்டும். பழைய முறையில் வடிவமைக்கப்பட்ட பென்டிரைவுகள் சில, இடம் இருந்தும் பெரிய காப்புக் கோப்பை ஏற்க மறுக்கும். 'ஃபேட்32' என்னும் அவ்வடிவமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட் அளவை எட்ட இயலாது என்பதே காரணம்.

மூன்றாவது, சரிபார்த்தல். மாற்றிய கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் மூலத்துடன் ஒப்பிடவேண்டும். சிலவற்றை மற்றொரு கணினியில் திறந்து பார்த்தல் நன்று.

நான்காவது, அழித்தல். இவை மூன்றும் முடிந்த பின்னரே அழிக்கவேண்டும். அழித்த கோப்புகள் முதலில் மறுசுழற்சித் தொட்டியைச் சேர்கின்றன. தொட்டியை வெறுமையாக்கும்வரை வட்டில் இடம் கூடுவதில்லை.

ஒத்திசைவும் காப்பும்

இணையவழிச் சேமிப்பகத்தில் கோப்புகள் இருப்பதால் மடிக்கணினியில் உள்ளவற்றை அழித்துவிடலாம் எனக் கருதுவோர் உளர். அத்தகைய சேவைகள் பலவும் செய்வது ஒத்திசைவு. ஓரிடத்தில் நேரும் மாற்றத்தை எல்லா இடங்களிலும் நிகழ்த்துவதே ஒத்திசைவின் இயல்பு. மடிக்கணினியில் அழித்தால் இணையச் சேமிப்பகத்திலும் கைப்பேசியிலும் அக்கோப்பு மறையும். ஒன்டிரைவ் போன்றவற்றில் 'இடத்தை விடுவி' என்னும் பொருளுடைய தனிக் கட்டளை உண்டு. அது கோப்பை இணையத்தில் இருத்தி, மடிக்கணினியில் உள்ள படியை மட்டும் நீக்குகிறது. அழித்தலும் இடத்தை விடுவித்தலும் ஒன்றல்ல.

எத்தனை நகல்கள் போதும்?

பீட்டர் குரோ என்னும் ஒளிப்படக் கலைஞர் பரவலாக்கிய '3–2–1' நெறி இவ்வினாவிற்கு விடை தருகிறது. ஒரு கோப்பிற்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்புக் கருவிகளில் அமைதல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். மடிக்கணினியில் மூலம், வீட்டுப் புறவட்டில் ஒரு படி, இணையச் சேமிப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ மற்றொரு படி என்பது மாணவர்க்கும் இயலும் ஏற்பாடே.

இந்நெறியின்படி பார்த்தால், மடிக்கணினியில் குவிந்துகிடக்கும் ஐந்தாம் நகலும் ஆறாம் நகலும் தேவையற்றவை. முறையாக இடமறிந்து வைத்த மூன்று நகல்கள், ஒரே வட்டில் குவித்த முப்பது நகல்களினும் வலியவை. அவ்வாறு வைத்தவர்க்கு, மிகுந்தவற்றை அழிக்கும்போது அச்சமில்லை.

தெரிந்து தெளிவோம்

கணினியில் ஒரு கோப்பை முற்றாக அழித்தாலும், அது இருந்த இடம் 'வெற்றிடம்' என்று குறிக்கப்படுகிறதேயன்றி உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. புதிய தரவு அதன்மேல் எழுதப்படும்வரை மீட்க வாய்ப்புண்டு. இன்றைய எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்களோ விடுவித்த இடத்தை விரைவில் தாமே துடைத்துவிடுவதால் மீட்பது அரிதாகிறது.

மார்ச்சு 31ஆம் நாள் உலகக் காப்புநகல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள ஒரு கணினியின் சேமிப்பக நிலையை ஆசிரியர் துணையுடன் ஆராய்ந்து, எவ்வகைக் கோப்புகள் மிகுதியான இடம் கொண்டுள்ளன என்பதை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் குடும்பத்தின் ஒளிப்படங்கள், சான்றிதழ்ப் படிகள் ஆகியன எங்கெங்கு உள்ளன என்பதைக் கேட்டறிந்து, '3–2–1' நெறிக்கு அவை பொருந்துமா என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'ஏடு படியெடுத்தலும் கணினிக் காப்பும்' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுக.