உஷார்! கால் ஸ்பூன் ஈஸ்ட்டும் பாட்டிலை வெடிக்க வைக்கும்

சித்திரை வெயில், மதியம் இரண்டு மணி. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். அக்கா வீட்டுத் திண்ணையில் கண்ணயர்ந்திருந்தேன். உள்ளே ‘டமார்’ என்று ஒரு சத்தம். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று வீடே தெருவுக்கு ஓடியது.

சிலிண்டர் பத்திரமாக இருந்தது. வெடித்தது, சிமென்ட் ஷீட் போட்ட பின்அறையில் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு கண்ணாடி பாட்டில். மூட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு சில்லு குத்தி நின்றது. பிள்ளைகள் கேரம் ஆடும் இடம் அங்கிருந்து நாலடி.

குற்றவாளி அக்கா மகன். லீவில் வந்தவன் வீடியோ பார்த்துத் தேன் ஒயின் போட்டிருக்கிறான். ‘மீட்’ என்று அதற்குப் பெயராம். அக்கா அதைக் கறி என்று நினைத்து, “எந்தக் கறிடா இப்படி வெடிக்கும்?” என்று கேட்டாள். அவன் சொன்ன சமாதானம்தான் என்னைக் கலங்கடித்தது: “கால் ஸ்பூன் ஈஸ்ட்தான் மாமா போட்டேன். பாக்கெட்ல பாதிகூட இல்ல.”

ஈஸ்ட்டைக் குறைத்தால் வாயுவும் குறையும் என்று படித்த பிள்ளையே நம்புகிறான். ஈஸ்ட் உப்பு மாதிரி, போட்ட அளவே நிற்கிற சரக்கு இல்லை. அது உயிர். ஒரு கிராம் உலர் ஈஸ்ட்டில் பல நூறு கோடி உயிரணுக்கள் இருக்கும். இனிப்பும் கதகதப்பும் கிடைத்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கால் ஸ்பூன் போட்டாலும் ஒரு ஸ்பூன் போட்டாலும் ஓரிரு நாளில் கூட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு வாயு வரும் என்பதைத் தீர்மானிப்பது சர்க்கரை.

கணக்கைப் பாருங்கள். நாலு லிட்டர் கேனில் ஒன்றேகால் கிலோ தேன் என்றால் அதில் சர்க்கரை மட்டுமே ஒரு கிலோ. அத்தனையும் புளித்தால் 250 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். 200 லிட்டர் தண்ணீர் பீப்பாய் நிரம்பி, இன்னொரு கால் பீப்பாயும் ஆகும். அது வெளியேற வழி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ‘அடங்கிடுச்சு’ என்று நினைத்துப் பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்குகிறார்களே, அங்கேதான் வினை. லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன், மிச்சம் இருந்தாலே போதும். நம்ம ஊர் வெயிலில் கார் டயரைப்போல மூன்று மடங்கு அழுத்தம் ஏறிவிடும். கோலி சோடா பாட்டிலை ஏன் அவ்வளவு தடிமனாக வார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பழைய ஜூஸ் பாட்டில் அதைத் தாங்குமா?

தேனில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஈஸ்ட்டுக்கு இனிப்பு மட்டும் போதாது, நைட்ரஜன் சத்தும் வேண்டும். தேனில் அது ரொம்பக் குறைவு. அதனால் ஈஸ்ட் பாதி வழியில் சோர்ந்து படுத்துவிடும், சில சமயம் அழுகின முட்டை வாடையும் கிளப்பும். குமிழி நின்றதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று அடைப்பார்கள். பத்து நாள் கழித்து அறை சூடேறினால், அல்லது யாராவது பாட்டிலை ஆட்டினால், படுத்தது எழுந்துகொள்ளும்.

அளவு ஒரு பொருட்டே இல்லையா என்றால், ருசிக்கு உண்டு. ஒயின் ஈஸ்ட்டின் 5 கிராம் பாக்கெட் ஒன்றே 20 லிட்டருக்குப் போதும். நாலு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் தாராளம். ரொம்பக் குறைந்தால் ஈஸ்ட் தலையெடுக்குமுன் வேறு கிருமிகள் முந்திவிடும். கூடினால் முதல் நாள் நுரை பொங்கும், அவ்வளவுதான். பாட்டில் வெடிக்குமா வெடிக்காதா என்பதற்கும் ஸ்பூனுக்கும் சம்பந்தமில்லை.

பனையேறிகளுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கிற ஈஸ்ட்டே போதும், யாரும் ஸ்பூனால் போடுவதில்லை. திருமுருகாற்றுப்படையில் மலைக்குறவர்கள் மூங்கிலில் விளைந்த தேன்தேறலைக் குடிக்கிறார்கள். அவர்கள் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தார்கள்?

“கள்ளக்குறிச்சி மாதிரி ஆயிடுமாப்பா?” என்று அக்கா நடுங்கினாள். 2024 ஜூனில் அங்கே 60 பேருக்கு மேல் செத்தது, 2023 மே மாதம் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் செத்தது, இரண்டுமே மெத்தனால் கலந்த சாராயத்தால். தேன் புளித்து அந்த விஷம் அந்த அளவுக்கு வராது. ஆனால் போலீஸ் வரலாம். 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். தேன்தானே, வீட்டுக்குத்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. புனேயில் உரிமம் வாங்கித் தேன்மது ஆலையே நடத்துகிறார்கள். இங்கே நெல் மூட்டைக்குப் பின்னால் நடத்த முடியாது.

தேன் ஒயின் வேண்டாம் என்று இருப்பவர்களும் தப்பவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போடும் திராட்சை ரசம், இஞ்சி பீர், கொம்புச்சா எல்லாம் இதே ஜாதி. இப்போதே வீட்டில் அப்படி ஒரு கண்ணாடி பாட்டில் அடைத்துக் கிடந்தால், முதலில் பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள். பாட்டிலைத் தூக்காதீர்கள், குலுக்காதீர்கள். தடித்த ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, வெயில் தாழ்ந்து குளிர்ந்த பிறகு, கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டும் கனத்த கையுறையும் மாட்டிக்கொண்டு, சாக்குக்கு மேலாகவே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ‘உஸ்’ அடங்கும்வரை முழுக்கத் திருக வேண்டாம்.

அக்கா வீட்டில் இன்னும் இரண்டு பாட்டில் மிச்சம் இருந்தன. பைக் ஹெல்மெட்டோடு நான் குனிந்தேன். முதல் மூடி கால் திருகு நகர்ந்ததும் சாக்கைத் தள்ளிக்கொண்டு நுரை பீறிட்டது. பாதி பாட்டில் காலி. அக்கா மகன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, “மாமா, அதுல ஈஸ்ட் இன்னும் கம்மியாத்தான் போட்டேன்” என்றான்.