வாங்கலாமா, பொறுக்கலாமா?

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களில் எப்பொருளை வாங்குவதாயினும் முதலில் ஒரு சிறு மாநாடு கூடுவது வழக்கம். மாவரைக்கும் இயந்திரமாயினும், ஊருக்குப் போக இரயில் டிக்கட்டாயினும், பெரியோர் பேசுவர், சிறியோர் கேட்டிருப்பர். ஆனால் சிறியோர் பேசவும் பெரியோர் விழிக்கவும் நேரும் பொருள் ஒன்று இந்நாளில் வந்துளது. அதுவே வீடியோ விளையாட்டு. அதைப் பற்றி நம் இல்லத்தில் நடந்த மாநாட்டை ஈண்டு எழுதத் துணிகிறோம். வாசக அன்பர் பலருடைய இல்லங்களிலும் இவ்வினா எழுந்திருக்கும், இனியும் எழும்.

2023 ஆகஸ்டு 3-ஆம் நாள் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் ஆட்டம் கணினிகளுக்கென வெளியாயிற்று. அதை வாங்க வேண்டுமென்று கேட்டவன் நம் தம்பி. அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்று. பணிமனையில் அப்ரண்டிஸாகப் பயின்று சிறு உதவித்தொகை பெற்று வந்தான். விலை ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். “என் பணத்தில்தான் வாங்கப் போகிறேன், அண்ணா” என்றான். “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்தோம்.

அம்மறுப்புக்குக் காரணம் ஆட்டத்தைப் பற்றிய அறிவு அன்று, அறியாமையே. அதை அன்றிரவே உணர்ந்தோம். அவ்வாண்டுதான் நாம் பூசாவலிலிருந்து நாக்பூருக்கு மாற்றலாகி வந்திருந்தோம். தம்பியின் தோழர் அனைவரும் அங்கேயே தங்கிவிட்டனர். இங்கு வந்த பின் அவன் வேலைக்குப் போவான், வருவான், உண்பான், மூலையில் கிடக்கும் பாயில் சாய்வான். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பல மாதங்களுக்குப் பின் அவனாக வந்து பேசிய முதற் பேச்சு இவ்வாட்டத்தைப் பற்றியதே. அதையும் ஒரு சொல்லால் அடைத்துவிட்டோமே என்று மனம் உறுத்தியது. மறுநாள் அவனை அழைத்து, “முதலில் இஃது என்ன ஆட்டமென்று சொல், பிறகு முடிவு செய்வோம்” என்றோம்.

ஆட்டத்தின் பூர்வீகம்

அவன் கூறியதும், பின்னர் நாம் விசாரித்தறிந்ததும் இவை. இவ்வாட்டத்தின் வேர் கணினியில் இல்லை, காகிதத்தில் உள்ளது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, கள்வனாகவோ வேடம் ஏற்பர். “கதவைத் திறக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், திறந்ததா இல்லையா என்பதைக் காய் உருட்டித் தீர்மானிப்பர். அக்காய்க்கு இருபது முகங்கள். வேடமேற்று ஆடும் ஆட்டங்களுக்கெல்லாம் இதுவே மூத்தது எனலாம்.

இந்த விதிகளைத் தழுவி கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் 1998-இல் ‘பால்டர்ஸ் கேட்’ என்னும் கணினி ஆட்டத்தையும், 2000-இல் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. மூன்றாம் பாகத்தைச் செய்தவர்கள் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரிலுள்ள லாரியன் நிறுவனத்தார். முற்றுப்பெறாத முதற் பகுதியை 2020 அக்டோபரிலேயே விற்று, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தி, ஏறக்குறைய மூன்றாண்டுகளுக்குப் பின்பே முழு ஆட்டத்தையும் தந்தனர்.

கதை இது: ஒருவரையொருவர் அறியாத சிலருடைய தலைக்குள் ஒரு கொடிய புழுவைப் பகைவர் புகுத்திவிடுகின்றனர். அதை நீக்கும் வழி தேடி அவர்கள் ஒன்றாகப் பயணம் புறப்படுகின்றனர். யாரை நம்புவது, யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்பனவெல்லாம் ஆடுபவரின் முடிவு. முடிவுக்குத் தக்கபடி கதையும் மாறும். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் கதை படித்து வளர்ந்த நமக்கு இஃது அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. வேதாளம் கேட்கும் கேள்விக்கு அங்கே மன்னன் விடை சொல்லுவான். இங்கே நாமே சொல்ல வேண்டும். அவ்வளவே வேற்றுமை.

இப்பேச்சு நடக்கையில் அடுக்களை வாயிலில் அமர்ந்திருந்த நம் அன்னையார், “ஏனப்பா, இதுவும் தாயம்தானா?” என்றார். “ஆமாம் அம்மா, ஆனால் இதிலே ஒன்று விழுந்தால் தோல்வி, இருபது விழுந்தால் வெற்றி” என்றான் தம்பி. “ஒன்று விழுந்தால்தானே தாயம்! ஒன்று விழாமல் காய் எப்படி இறங்கும்?” என்று அன்னையார் வியந்தார். அன்றுதான் இந்த வீட்டில் தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

எழுதிய விலையும் எழுதாத விலையும்

பின்னர் கணக்கில் இறங்கினோம். கணக்கு நம் தொழில். ஒரு பொருளுக்கு எழுதிய விலை ஒன்று. எழுதாத விலை பல.

முதலாவது, கணினியின் தகுதி. இவ்வாட்டத்துக்குக் குறைந்தது எட்டு ஜி.பி. ராம், நான்கு ஜி.பி. நினைவகமுள்ள கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி. வட்டில் 150 ஜி.பி. இடம் ஆகியவை வேண்டும் என்று நிறுவனத்தாரே அறிவித்திருந்தனர். நம் கணினியில் ராம் மட்டும் போதுமானதாயிருந்தது. வாங்கும்போது “எல்லாம் ஓடும்” என்று உறுதி சொன்ன கடைக்காரரை நம்பியது நம் பிழை. ஆகவே மூவாயிரம் ரூபாய் ஆட்டத்துக்காகப் பல மடங்கு செலவு காத்திருந்தது. ஆட்டத்தின் தகுதிப் பட்டியலைக் கணினியோடு ஒப்பிட்டுப் பாராமல் பணம் கட்டுவது, பெட்டியின் அகலம் அறியாமல் சரக்கு ஏற்றுவதை ஒக்கும்.

இரண்டாவது, இறக்கும் செலவு. இத்தகைய ஆட்டங்கள் கணினிக்கு இன்று பெரும்பாலும் தகட்டில் வருவதில்லை. இணையத்தின் வழியே இறக்கிக்கொள்ள வேண்டும். நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் நூறு ஜி.பி. இறங்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேலாகும். நாளொன்றுக்கு இரண்டு ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பினால் ஐம்பது நாட்கள் செல்லும்.

மூன்றாவது, நேரம். “ஒரு நாளைக்கு எத்தனை மணி?” என்பதே நம் இல்லாள் கேட்ட ஒரே கேள்வி, அதுவே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. நேராகச் சென்றால் முடிக்க ஏறக்குறைய எழுபது மணி. மூலை முடுக்கெல்லாம் பார்த்து ஆடினால் நூறு மணிக்கும் மேல். நாளொன்றுக்கு ஒரு மணி என்றால் நூறு மணிக்கு மூன்று மாதமும் பத்து நாளும். மணிக்கு முப்பது ரூபாய் என்று பார்த்தால் சினிமாவைவிட மலிவு. ஆனால் அந்த நூறு மணியும் எங்கிருந்து வரும்? உறக்கத்திலிருந்தா, படிப்பிலிருந்தா, வெறுமே பாயில் கிடக்கும் பொழுதிலிருந்தா? விடை இதைப் பொறுத்தது. இவ்வாட்டத்தில் ஒரு நன்மையுண்டு. சண்டையில் ஒவ்வொருவரும் முறை வைத்தே ஆடுவர். தனித்து ஆடும்போது, சாப்பிட அழைத்தால் அப்படியே நிறுத்திச் சேமித்து எழலாம். ‘பாதியில் எழ முடியாது’ என்ற சாக்கு செல்லாது.

நான்காவது, வயது. ஐரோப்பிய ‘பெகி’ அமைப்பு இதற்கு 18 என்ற முத்திரை இட்டுள்ளது. கொடுஞ்செயல்களும், குடும்பத்தோடு பார்க்கத் தகாத காதற் காட்சிகளும் இதில் உண்டு. ஆடையற்ற தோற்றங்களை மறைக்க அமைப்பிலே வழியிருப்பினும் இரத்தத்தை மறைக்க வழியில்லை. தம்பிக்கு வயது வந்துவிட்டது. ஆனால் நம் வீட்டுக் கணினி இருப்பது கூடத்தில். அக்கூடத்தில் படுப்பவன் நம் மகன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முத்திரையை ஆடுபவனுக்கு மட்டும் பார்த்தால் போதாது; பின்னால் நின்று பார்ப்பவனுக்கும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, மொழி. பேச்சு ஆங்கிலம், எழுத்து பல மொழிகளில் உண்டு எனினும் அவற்றுள் இந்திய மொழி ஒன்றும் இல்லை.

இத்தனையும் எண்ணி முடித்தபின் “இப்போது சொல், ஏன் வேண்டும்?” என்றோம். தம்பி சற்றுத் தயங்கி, “நால்வர் வரை சேர்ந்து ஆடலாம், அண்ணா. பூசாவலில் மூன்று பேர் வாங்குகிறார்கள். நான் இல்லாவிட்டால் வேறு ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்கள்” என்றான். கணக்கில் வராத இனம் இது. மாற்றல் உத்தரவு வந்ததும் சாமான்களைக் கட்டினோம். பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கினோம். இவனுடைய நட்பை எதில் கட்டி எடுத்து வருவது என்று நாம் எண்ணியதே இல்லை.

பொறுத்ததன் பயன்

வாங்கலாம், ஆனால் பொறுத்து வாங்கலாம் என்று முடிவாயிற்று. அவன் தோழரிடம் சொன்னான். அவர்களும் தமக்குள் ஆடிக்கொண்டே இவனுக்காக ஒரு புதுக்கதை தொடங்கக் காத்திருக்க ஒப்பினர். உதவித்தொகையில் மாதந்தோறும் மிச்சம் பிடித்து, முதலில் எஸ்.எஸ்.டி.யும் பின்னர் ஒருவர் பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டும் வாங்கினான். இடையில் ஒருவர் பென் டிரைவில் திருட்டுப் பிரதி தர முன்வந்தார். உழைத்தவனுக்குக் கூலி சேராத பொருள் என்பதோடு, நச்சு நிரலும் கூடவே வரக்கூடும் என்பதால் தம்பியே மறுத்தான்.

2024 பொங்கலுக்கு மறுவாரம் ஆட்டம் வந்தது. பொறுத்தது நட்டமாகவில்லை. வெளியான மாதத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகளைக் களைந்து முதற் திருத்தம் வந்தது. நவம்பர் 30-இல் வந்த ஐந்தாம் திருத்தம் கதைக்கு ஒரு முடிவுரையையே புதிதாகச் சேர்த்தது. முதல் நாளில் வாங்கியோர் அம்முடிவுரையில்லாமலே ஆடி முடித்தனர். 2025 ஏப்ரலில் வந்த எட்டாம் திருத்தத்துக்குப் பின் கணினியில் ஆடுவோரும் பிளேஸ்டேஷன் முதலிய கருவிகளில் ஆடுவோரும் சேர்ந்து ஆடவும் இயன்றது. ஆகவே புதிய ஆட்டம் வெளியான வாரத்திலேயே ஓடி வாங்குவோர் மிகுந்த விலை கொடுத்துக் குறைந்த பண்டத்தைப் பெறுகின்றனர் என்பது கண்கூடு.

இரவு மகன் அன்னையாரின் அறையில் படுப்பது, ஒன்பதரை முதல் பத்தரை வரை தம்பி ஆடுவது, ஞாயிறன்று தோழரோடு இரண்டு மணி என்று ஏற்பாடு. சில நாள் மீறினான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் குரல் கூடத்தில் கேட்டது. அதற்காக மீறலைப் பொறுத்தோம்.

வருத்தம் மகனுக்குத்தான். “சித்தப்பா மட்டும் ஆடலாமா?” என்று முகம் தூக்கினான். அதற்குத் தம்பியே ஒரு வழி கண்டான். பரணிலிருந்த தாயக்கட்டையை இறக்கினான். தான் கதை சொல்லுவோன், மகன் வீரன், அன்னையார் மந்திரக் கிழவி. “மலைக்குகை வாயிலில் அரக்கன் உறங்குகிறான், என்ன செய்வாய்?” என்று தமிழில் கேட்டான். தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும். பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம் என்று விதி செய்துகொண்டனர். ஐம்பதாண்டுக்கு முன் காகிதத்தில் தொடங்கிய ஆட்டம் காசு செலவின்றி, கணினியின்றி நம் கூடத்தில் நடந்தது.

அன்பர்களுக்குச் சில சொற்கள்

புதிய ஆட்டம் கேட்டு உங்கள் இல்லத்தில் குரல் எழுந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே இசையவும் வேண்டாம். கணினியின் தகுதியையும் வயது முத்திரையையும் முதலில் பாருங்கள். சில திங்கள் பொறுத்தால் பிழையும் நீங்கும். விலையும் பெரும்பாலும் இறங்கும். ‘ஸ்டீம்’ கடையில் வாங்கினால், பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணிக்குக் குறைவாகவே ஆடியிருப்பின் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே முதல் இரண்டு மணியைச் சோதனையாகக் கொள்ளுங்கள். அக்கடையிலேயே குடும்பத்தினர் ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேரவும், பிள்ளைகள் ஆடும் நேரத்துக்கு வரம்பிடவும் வழியுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஏன் வேண்டும்?’ என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். கேட்கப்படுவது ஆட்டமாகத் தோன்றும். கேட்பவனுக்கு வேண்டியது வேறொன்றாக இருக்கக்கூடும்.

தம்பி பயிற்சி முடித்து இப்போது சோலாப்பூரில் வேலையில் இருக்கிறான். ஞாயிறு மாலை தொலைபேசியில் அழைத்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்குகிறான். இங்கே அன்னையார் தாயக்கட்டையை உருட்டுகிறார். விழுந்த எண்ணைப் பொய்யின்றிச் சொல்லுவது மகனின் பொறுப்பு.