முதல் ஆலை இங்கே. அடுத்த ஆலை எங்கே?

புது தில்லி: அயல்நாட்டு கார் நிறுவனம் ஒன்று இந்தியாவில் ஆலை அமைக்க இடம் தேடத் தொடங்கினால், நிலம், மின்சாரம், வரிச்சலுகை என மாநிலங்கள் போட்டிபோட்டு முன்வருவது வழக்கமாகிவிட்டது. ஆனால், முதல் ஆலையைப் பெற்ற மாநிலத்துக்கே அடுத்த ஆலையும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பதைக் கர்நாடகத்தின் பிடதியும் தமிழகத்தின் இருங்காட்டுக்கோட்டையும் உணர்த்துகின்றன.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1997-ல் கிர்லோஸ்கர் குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து, பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையில் உள்ள பிடதியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு துறைமுகம் இல்லை. எனினும், அதே குழுமத்துடன் டொயோட்டா வட்டாரம் 1995-லேயே பெங்களூருவை அடுத்த ஜிகனியில் ஜவுளி இயந்திரத் தொழிலைத் தொடங்கியிருந்தது. எச்எம்டி காலத்திலிருந்தே இயந்திரத் தொழிலில் தேர்ந்த தொழிலாளர்களும் அங்கு இருந்தனர்.

1999 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஜீவனஹள்ளி முதல் எலெக்ட்ரானிக் சிட்டி வரை, கால் சென்டர் ஊழியர்களை நள்ளிரவில் ஏற்றி இறக்கும் வாகனமாகக் குவாலிஸ் பெங்களூருவாசிகளுக்குப் பழகிப்போனது. 2010-ல் அதே வளாகத்தில் இரண்டாவது ஆலையும் வந்தது.

தில்லியின் பிடி: அந்நாளில் கடிவாளம் மத்திய அரசின் கையில் இருந்தது. 1997 டிசம்பரில் வெளியான மோட்டார் வாகனக் கொள்கையின்படி, மூன்று ஆண்டுகளில் 50 சதவீதமும் ஐந்து ஆண்டுகளில் 70 சதவீதமும் உதிரிபாகங்கள் உள்நாட்டிலேயே தயாராக வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் இதை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டு சென்றன. 2001-ல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக அமைந்தது. நிபந்தனைகள் விலகின, தில்லியிடம் எஞ்சியது வரி என்ற ஆயுதமே.

அதன் கூர்மை 2020 செப்டம்பரில் வெளிப்பட்டது. கார்கள் மீதான வரி மிக அதிகம் என்பதால் இந்தியாவில் மேற்கொண்டு விரிவாக்கம் செய்யப்போவதில்லை என்று டொயோட்டா இந்தியப் பிரிவின் துணைத் தலைவர் சேகர் விஸ்வநாதன் கூறியது தில்லியில் பரபரப்பை ஏற்படுத்தியது. அன்றைய கனரகத் தொழில் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் உடனே மறுத்தார். ரூ. 2,000 கோடிக்கு மேல் முதலீடு செய்யப்படும் என்று விக்ரம் கிர்லோஸ்கரும் விளக்கம் அளித்தார். அப்போது பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 15 சதவீத கூடுதல் தீர்வையும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் தீர்வை நீக்கப்பட்டு, பெரிய கார்களுக்கு 40 சதவீதம் என வரி மாற்றியமைக்கப்பட்டது.

மகாராஷ்டிரம் நோக்கி: 2023 நவம்பரில் ரூ. 3,300 கோடியில் பிடதியில் மூன்றாவது ஆலை என அறிவிப்பு வந்தபோது கர்நாடகம் மகிழ்ந்தது. ஆனால், எட்டு மாதங்களில், 2024 ஜூலை 31-ல், மகாராஷ்டிரத்தின் சத்ரபதி சம்பாஜிநகரில் சுமார் ரூ. 20,000 கோடியில் ஆலை அமைக்க அதே நிறுவனம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது.

தமிழகத்தின் அனுபவமும் இத்தகையதே. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்த ஹுண்டாய், 2023 மே மாதத்தில் பத்தாண்டுகளில் ரூ. 20,000 கோடி முதலீடு செய்வதாகத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. மூன்றே மாதங்களில், புணே அருகே தலேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்ட ஆலையை வாங்கவும் கையெழுத்திட்டது. அங்கு 2025-ல் உற்பத்தியும் தொடங்கிவிட்டது.

யாருக்கு வரி?: இதில் மாநிலங்களுக்கு உள்ள உண்மையான இழப்பு வேறு. முன்பு, வெளிமாநிலத்தில் விற்கப்படும் காருக்கான மத்திய விற்பனை வரியை, உற்பத்தி செய்யும் மாநிலமே வசூலித்து வைத்துக்கொண்டது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, கார் எங்கு வாங்கப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே மாநிலப் பங்கு செல்கிறது. பிடதியில் தயாராகி லக்னௌவில் விற்பனையாகும் கார், உத்தரப் பிரதேசக் கருவூலத்தையே நிரப்பும்.

உற்பத்தி மாநிலங்கள் பாதிக்கப்படும் என்று எதிர்ப்புத் தெரிவித்து, 2016 ஆகஸ்ட் 3-ல் மாநிலங்களவையில் அதிமுக வெளிநடப்பு செய்தது. எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் அந்த அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளுக்கு என வாக்களிக்கப்பட்ட இழப்பீடும் 2022 ஜூன் மாதத்துடன் முடிவடைந்தது.

ஆலையை ஈர்க்க மாநில நிதிநிலை அறிக்கையிலிருந்து மானியம். விற்பனை வரியில் பெரும்பகுதி வெளியே. எஞ்சுவது வேலைவாய்ப்பும் அதைச் சுற்றி வளரும் சிறு தொழில்களுமே. அதுவும் நிரந்தரமல்ல என்பதை, ஃபோர்டு நிறுவனத்தின் 2021 வெளியேற்ற அறிவிப்பில் மறைமலைநகர் தொழிலாளர்கள் கண்டனர்.

எனவே, எத்தனை கோடி முதலீடு வருகிறது என்று மட்டும் அறிவித்தால் போதாது. ஒரு வேலைக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது, நிறுவனம் பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் சட்டப்பேரவைகளில் வெளியிட வேண்டும். அடுத்த ஆலைக்கு அழைப்பிதழ் அனுப்பும் முன் மாநிலங்கள் பார்க்க வேண்டிய கணக்கு இதுவே.