கப்பலேறி வந்த ஊர்கள் – 9: மூன்று கண்டம் கண்ட தெர்பேனியே

1899 ஜனவரியில் 'லேக் ஹ்யூரான்' கப்பல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு, ரஷ்யாவை விட்டுக் கிளம்பிய துகபோர் என்ற மதப் பிரிவினர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அவர்கள் ஆயுதங்களைத் தீயிலிட்டது, அதற்காகப் பட்ட பாடு, டால்ஸ்டாய் 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தை அவர்களுக்குக் கொடுத்தது எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பிரில்லியன்ட் தொங்குபாலம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு ஊர்ப்பெயர் நான்கு நாளாக என்னை விடவில்லை.

தெர்பேனியே. பொறுமை என்று அர்த்தம். இந்தப் பெயரில் முதல் ஊர் இன்றைய உக்ரைனின் தெற்கில், மெலித்தோப்போலுக்குப் பக்கத்தில், மொலோச்னயா ஆற்றங்கரையில் எழுந்தது. அங்கங்கே சிதறிக் கிடந்த துகபோர்கள் அந்த ஆற்றங்கரையில் ஒன்றாகக் குடியேற 1802-ல் ஜார் முதலாம் அலெக்சாண்டர் அனுமதி கொடுத்தார். கடவுள் மனிதனுக்குள்ளேயே இருக்கிறார், நடுவில் பாதிரியும் வேண்டாம், திருவுருவப் படமும் வேண்டாம் என்ற விவசாயிகள் அவர்கள். எங்கோ எல்லைப்புறத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அரசின் கணக்கு. தெர்பேனியே அவர்களுடைய தலைமை ஊரானது.

அடுத்து வந்த ஜார் நிக்கோலஸுக்கு அந்த அளவு பொறுமைகூட இல்லை. திருச்சபைக்குத் திரும்ப மறுத்த சுமார் ஐயாயிரம் பேரை 1841 முதல் காக்கசஸ் மலைகளுக்கு நாடு கடத்தினார். 1878-ல் துருக்கியரிடமிருந்து கார்ஸ் பிரதேசம் ரஷ்யாவின் கைக்கு வந்தபோது, ஒரு பகுதியினர் மலையிறங்கி அங்கே போனார்கள். புதிதாகக் கட்டிய ஊர்களில் ஒன்றுக்குத் தெர்பேனியே என்று பெயர் வைத்தார்கள். அது அவர்களுடைய தாத்தா பாட்டிகள் பறிகொடுத்த ஊரின் பெயர். இருபது வருஷம் கழித்து, கடல் கடந்து, கனடாவின் சஸ்காட்சுவன் புல்வெளியிலும் ஒரு தெர்பேனியே எழுந்தது. நூறு வருஷத்துக்குள் ஒரே பெயர் மூன்று கண்டங்களைப் பார்த்துவிட்டது!

இது ஒன்றோடு முடியவில்லை. கொரெலோவ்கா, எஃப்ரெமோவ்கா, ஸ்லாவ்யங்கா, தம்போவ்கா என்று சஸ்காட்சுவனில் அவர்கள் கட்டிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களின் பட்டியலைப் பார்த்தால், காக்கசஸ் பட்டியலில் பாதியை அங்கே மீண்டும் படிக்கலாம். பழைய ஊரின் மேலுள்ள ஏக்கத்தில் வைத்த பெயர்கள் என்று இவற்றைச் சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, சேர்ந்து பாடும் கூட்டம் எல்லாமே இடம் பெயர்ந்து வந்திருந்தன. ஊர் கலையவில்லை, பெயர் மட்டும் எப்படி மாறும்?

அந்த ஊர்களின் முதல் வசந்தத்துக்குப் புகைப்படச் சாட்சி இருக்கிறது. ஆண்களில் பெரும்பாலோர் ரயில்பாதை வேலைக்குக் கூலியாகப் போய்விட்டார்கள். இருந்த சொற்ப மாடும் குதிரையும் மரம் இழுக்கவும் பண்டம் கொண்டுவரவுமே போதவில்லை. அதனால் பெண்கள் ஏரில் தங்களைப் பூட்டிக்கொண்டார்கள். நீளக் கயிறு, அதில் வரிசையாகக் குறுக்கே கட்டிய கம்புகள், ஒவ்வொரு கம்புக்கும் பக்கத்துக்கொருவராக முக்காடிட்ட பெண்கள், கடைசியில் கலப்பையை அழுத்திப் பிடித்திருக்கும் ஒருவர். இந்தப் படத்தைக் காட்டி இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று பேசியவர்கள் அன்று உண்டு. எவ்வளவு பெரிய அநியாயம்! அடுத்த குளிர்காலத்துக்கு முன் தானியம் சேர்க்க வேண்டிய தாய்மார்கள் அவர்கள்.

அப்படி உழுத மண்ணில் இன்று தெர்பேனியே இல்லை. அரசு அந்தப் புல்வெளியை நூற்று அறுபது ஏக்கர் சதுரங்களாக அளந்து வைத்திருந்தது. ஆளுக்கொரு சதுரம், அவரவர் பெயரில் பதிவு, பட்டா வேண்டுமானால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம். நிலம் எல்லோருக்கும் பொது, சத்தியம் செய்வது பாவம் என்று வாழ்ந்தவர்கள் இதற்கு எப்படி உடன்படுவார்கள்? அவர்களை அழைத்துவந்த அமைச்சர் கிளிஃபர்ட் சிஃப்டன் கிராமமாகச் சேர்ந்து வாழ இடம் கொடுத்தார். 1905-ல் அவர் இடத்துக்கு வந்த ஃபிராங்க் ஆலிவர் பிடியை இறுக்கினார். 1907-ல் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல் பறிபோனது. மிஞ்சியது தலைக்குப் பதினைந்து ஏக்கர். மறு வருஷம் முதல் ஆயிரக்கணக்கானோர் தலைவர் பீட்டர் வெரிகினைப் பின்பற்றிப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனார்கள். பட்டா வாங்கியவர்கள் அவரவர் சதுரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். கிராமத் தெருக்கள் காலியாயின.

நிலைத்தவை பெரும்பாலும் ரயில் நிலையப் பலகையில் ஏறிய பெயர்கள்தான். பக்கத்தில் கனோரா என்று ஒரு ஊர் இருக்கிறது. கேட்டால் ஏதோ பழங்குடிப் பெயர் போலத் தோன்றும். கனடியன் நார்தர்ன் ரயில்வே என்ற மூன்று சொற்களின் முதல் இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. வெரிகின் பெயரிலும் ஒரு ஊர் இருக்கிறது. ஆனால் பலகையில் ஓர் எழுத்து பிசகி 'வெரெகின்' ஆகி, அப்படியே நின்றுவிட்டது. துகபோர்கள் தாங்களே வைத்த பெயர்களில் தப்பிப் பிழைத்த ஒன்று பெத்ரோஃப்கா. வடக்கு சஸ்காட்சுவன் ஆற்றங்கரைக் கிராமம் அது. கிராமம் போய்விட்டது. ஆற்றைக் கடக்கிற பரிசலுக்கு அந்தப் பெயர் இருந்தது. 1962-ல் பாலம் வந்ததும் பெயர் பாலத்துக்கு மாறியது. இன்றும் பன்னிரண்டாம் நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கள் அதைப் பெத்ரோஃப்கா பாலம் என்றுதான் சொல்லியாக வேண்டும். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பிரில்லியன்ட் பாலத்துக்கு இந்த வாரம் இடமில்லை. 1913-ல் துகபோர்கள் தங்கள் உழைப்பில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கூட்னே ஆற்றின் மேல் எழுப்பிய பாலம் அது. வாட்டர்லூ என்றிருந்த இடத்துக்குப் பிரில்லியன்ட் என்று பெயர் சூட்டியவர் வெரிகின். ஆனால் வாட்டர்லூவுக்கு முன்பே அந்த இடத்துக்கு சினிக்ஸ்ட் பழங்குடிகளின் மொழியில் ஒரு பெயர் இருந்தது. அவர்களுடைய முன்னோரின் கல்லறைகளும் அங்கே இருந்தன. துகபோர்கள் விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் ஒரு சினிக்ஸ்ட் குடும்பம் அப்போதும் குடியிருந்தது. மொலோச்னயாவிலும் காக்கசஸிலும் சஸ்காட்சுவனிலும் மண்ணை இழந்தவர்கள் வந்து சேர்ந்த இடத்தில், அந்தக் குடும்பம் என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் பாலத்தில் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)