நான்காம் நிலை என்றால் எல்லாம் முடிந்ததா?

புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கும் என்னிடம், மார்பகப் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவி நான்காம் நிலையை எட்டியவர்களின் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், அம்மா இன்னும் எத்தனை நாள் இருப்பாங்க?" நான் முதலில் பயாப்சி ரிப்போர்ட்டைப் பிரிக்கச் சொல்வேன். ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்று அதில் இருக்கும் மூன்று வரிகளுக்கு ஆயுளைத் தீர்மானிப்பதில் பெரும் பங்குண்டு.

ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கைகொடுக்கும். மாதவிடாய் நின்ற, ஹெர்2 நெகட்டிவான பெண்களுக்கு அதோடு ரைபோசிக்லிப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததை மோனலீசா-2 ஆய்வு காட்டியது. ஹெர்2 பாசிட்டிவ் ஒருகாலத்தில் மிக மோசமான வகை. 1998இல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வந்தபின் நிலைமை மாறியது. மூன்றும் நெகட்டிவ் என்றால் போராட்டம் கடினம்.

பரவிய இடமும் முக்கியம். எலும்பில் மட்டும் பரவியவர்கள், கல்லீரலிலோ மூளையிலோ பரவியவர்களைவிடப் பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள். எழுந்து நடமாடும் தெம்பும் கணக்கில் சேரும்.

பரவிய கட்டியில் மறுபடி பயாப்சி எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள்; கட்டியின் தன்மை மாறியிருந்தால் மருந்தும் மாறும். செலவுக்கு அஞ்சி மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.