முள் நிறைவைக் காட்டினாலும்...

2022 ஆம் ஆண்டு, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். எங்கள் நிலையத்துப் பழைய மொறிஸ் மைனரில் ஒரு கர்ப்பிணித் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு தலவாக்கலையிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பெற்றோல் மீற்றரின் முள் நிறைவைக் காட்டியது. ரதல்ல ஏற்றத்தில் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. தாங்கி வெறுமை! பின்னால் வந்த வேன்காரர் ஏற்றிச் சென்றதால் தங்கச்சி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய 29 லீற்றர் கொள்ளும் தாங்கி 20 லீற்றரில் எப்படி நிறையும் என்று எனக்கு முன்பே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பட்டம் படித்து என்ன பயன்!

காரைத் திருத்தியவர், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே மகளோடு இருக்கும் ஓர் அக்கா. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே பழைய கார்களைச் சிறிது பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய கணவர் அப்படித்தான் வாடகைக் கார் ஓட்டினார். அவரை யுத்தம் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் நின்று பார்த்த வேலை அக்காவின் கையில் இருக்கிறது.

“முள்ளைப் பாராதை பிள்ளை, டிக்கியைத் திற” என்றார்.

தாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. பெற்றோல் குறையக் குறைய அது கீழிறங்கும். அதனோடு சேர்ந்த கை ஒரு கம்பிச் சுருளின் மேல் நகரும்போது மின்சாரம் மாறி, முன்னால் உள்ள முள் அசையும். டிக்கியின் அடியில், தாங்கியின் மேல் இருக்கும் அந்தக் கருவிக்கு ஒரு மெல்லிய வயர் வருகிறது. அக்கா சாவியை அணைத்து, வயரைக் கழற்றி, காரின் வெறும் இரும்பில் தொடுத்துவிட்டுச் சாவியைப் போடச் சொன்னார். முள் உடனே வெறுமைக்கு விழுந்தது.

“மீற்றரும் வயரும் சுகம். பிழை இங்கைதான்.”

இந்தப் பழைய வகை மீற்றரில் வயர் அறுந்தாலும், தாங்கிப் பக்கத்து எர்த் விட்டுப்போனாலும் முள் நிறைவுக்கே போகும். 1960களின் நடுவில் வந்த, மெதுவாக ஊரும் முள்ளுள்ள வகையில் இது தலைகீழ்: வயரை இரும்பில் தொட்டால் நிறைவு, கழற்றினால் வெறுமை. அந்த வகையில் நெடுநேரம் தொட்டு வைத்திருக்கக் கூடாது, மீற்றர் பழுதாகும். எந்த வகையிலும் முள் அசையவே இல்லையென்றால் பியூஸையும் முன்பக்க வயரையும் பாருங்கள்.

எங்கள் காரில் கருவியின் ஆணிகளைச் சுற்றித் துரு. இந்த ஊர் மழைக்கும் பனிக்கும் அது புதிதல்ல. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, அரத்தாளால் தேய்த்து, ஓர் ஆணியிலிருந்து காரின் உடலுக்குத் தனி எர்த் வயர் போட்டார். தாங்கியைத் திறக்கவே இல்லை. திறக்க வேண்டி வந்தால் வெளியிடத்தில், பகலில்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். குப்பி விளக்கு, தீக்குச்சி பக்கத்தில் வரக் கூடாது. வெறுந்தாங்கியில் நிற்கும் ஆவி பெற்றோலைவிட ஆபத்தானது.

பற்றரியைப் பூட்டிச் சாவியைப் போட்டதும் முள் காலுக்கும் கீழே நின்றது. அன்று ஊற்றியிருந்தது 5 லீற்றர். ஆனாலும் அக்கா விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊற்றிய அளவையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். ஏற்றத்தில் பெற்றோல் பின்பக்கம் சாய்வதால் முள் சற்று மாறிக் காட்டுமாம். சமதரையில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டுமாம்.

தலவாக்கலையில் சமதரைக்கு எங்கே போவது என்று கேட்டேன். அக்கா சிரித்தார்.