சிறுநீர்ப்பையும் கடிகாரமும்



இடக்கரடக்கல் என்பதனை இலக்கண வகுப்பிலே படித்திருப்பீர்கள். அவையிலே கூறத் தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது அது. ‘கால் கழுவி வந்தான்’ என்பது ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. சொல்லை மறைப்பது நாகரிகந்தான். ஆனால் நாமோ சொல்லோடு சேர்த்துத் துன்பத்தையும் மறைத்துவிடுகிறோம். அவ்வாறு மறைக்கப்பட்ட துன்பம் உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. ஆதலின் இன்று அவ்வழக்கைச் சற்றே மீறி, நடமாட்டம் குன்றியவர்களுக்கு நேரும் சிறுநீர் அடக்க இயலாமையைப் பற்றி வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

முதலில் உடலின் அமைப்பைக் காண்போம். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1½ லிட்டர் சிறுநீரைப் பிரித்துச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகின்றன. பையில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்ச்சி தோன்றும். 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை அது தாங்கும். இப்பையை ஆள்வோர் இருவர். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு நரம்பு நிலையம் உண்டு. பை நிறைந்தால் உடனே வெளியேற்று என்பதே அது அறிந்த ஒரே கட்டளை. மேலே மூளை இருக்கிறது. அதுவே காலமும் இடமும் அறிந்து, ‘பொறு’ என்று தடுக்கிறது. கைக்குழந்தைக்குக் கீழ்நிலையத்தின் ஆட்சி மட்டுமே உண்டு. வளர வளர மூளையின் ஆட்சி வந்து சேர்கிறது.

நடமாட்டம் குன்றியவர்களை இந்த வகையில் இரு கூறாகப் பிரிக்கலாம். மூட்டு வாதத்தாலோ முதுமையாலோ விரைந்து நடக்க இயலாதவர்கள் ஒரு சாரார். இவர்களுள் பலருக்குச் சிறுநீர்ப்பையில் குறையே இராது. கட்டிலுக்கும் கொல்லைப்புறக் கழிப்பறைக்கும் இடையிலுள்ள தொலைவே இவர்களுடைய நோய். தண்டுவடம் அறுபட்டவர்கள் மற்றொரு சாரார். இவர்களுக்கு மூளைக்கும் கீழ்நிலையத்திற்கும் இடையே செய்தி செல்லாது. சிலருக்குப் பை தானாகவே சுருங்கும். ஆயினும் அதே நேரத்தில் வாயிலைக் காக்கும் தசையும் இறுகிக்கொள்ளும். கீழ்நிலையமே சிதைந்தவர்க்கோ பை தளர்ந்து, நிரம்பி வழியும். இரண்டிலும் சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன. பையின் அழுத்தம் மிகுந்து சிறுநீரகங்களையும் தாக்குகிறது. ஆடை நனைவது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. சிறுநீரகம் கெடுவது கண்ணுக்குத் தெரியாத பேரிடர்.

முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்ட வீரருள் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். அது விதி என்றே மருத்துவ உலகமும் நினைத்திருந்தது. அந்நினைப்பை மாற்றியவருள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். யூதராகிய அவர் ஜெர்மனியைவிட்டு 1939-இல் இங்கிலாந்து சென்றவர். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவட நோயாளிகளுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவு பகல் பாராது இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தனர். மெல்லிய குழாயை உரிய நேரத்தில் செலுத்தி, சிறுநீரை வடித்தபின் அதனை எடுத்துவிடும் முறையையும் அவர் வளர்த்தார். அவருடைய நோயாளிகள் உயிர் பிழைத்ததோடு நில்லாமல், 1948-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியிலும் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அதுவே.

1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடிஸ் மற்றோர் உண்மையை வெளியிட்டார். பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் சுவரில் இரத்த ஓட்டம் குன்றி, கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது; ஆகவே, குழாய் கிருமியே இல்லாததாக இருக்க வேண்டும் என்பதினும், பையை அடிக்கடி காலி செய்வதே முக்கியம் என்றார். சோப்பிட்டுக் கை கழுவி, தூய குழாயைக் கொண்டு நோயாளியே வீட்டில் இதனைச் செய்துகொள்ளலாம் என்பது பெரிய விடுதலை. மருத்துவரிடமோ செவிலியரிடமோ முறைப்படி கற்றுக்கொண்டு, நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை இன்று பலர் இவ்வாறு செய்துகொள்கின்றனர். மூளை செய்துவந்த வேலையைக் கடிகாரம் ஏற்றுக்கொள்கிறது!

முதற் சாராருக்கும் கடிகாரமே துணை. எப்போது, எவ்வளவு சிறுநீர் கழிகிறது என்று மூன்று நாள் குறித்து வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். அதற்கேற்ப இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, உணர்ச்சி வருமுன்பே, அவர்களை நினைவூட்டி அழைத்துச் செல்லலாம். கட்டிலருகே கழிப்பு நாற்காலியோ சிறுநீர்க் கலமோ வைத்தல், வழியில் இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி, எளிதில் அவிழும் ஆடை ஆகியன சிறிய ஏற்பாடுகளாயினும் பெரும்பயன் தருவன. ஆடை நனைந்தால் உடனே மாற்றி, தோலை நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். மலச்சிக்கலும் பையை நெருக்கும். காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே இயங்குமாதலால், நாள்தோறும் அந்நேரத்தில் அமர வைப்பது நன்று.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சுட்ட வேண்டும். ஆடை நனையுமே என்று அஞ்சிப் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகின்றனர். இதனால் சிறுநீர் அடர்ந்து பையை மேலும் உறுத்தும். தொற்றும் கல்லும் உண்டாகும். மருத்துவர் தடுத்தாலன்றிப் பகலில் தண்ணீரைக் குறைத்தலாகாது. படுக்கைக்குச் செல்லும் முன் சில மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரில் இரத்தம் ஆகியவை கண்டால் மருத்துவரை நாடுக. மார்பளவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பழுதுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் வியர்வையும் தோன்றினால், நிரம்பிய பையால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி அமர வைத்து, பையை வடிப்பதற்கும் மருத்துவ உதவிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் நாட்டிலும் வழிகாட்டியவர் உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் பழுதுற்றுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகத் தலைமை தாங்கியவரும் அவரே.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பாட்டியார் திருமணத்திற்கு வர மறுக்கிறாரா? சக்கர நாற்காலியில் வரும் வகுப்புத் தோழர் நண்பகலில் தண்ணீரே அருந்துவதில்லையா? காரணம் விருப்பமின்மை அன்று. கழிப்பறை எங்கே என்ற அச்சமாக இருக்கலாம். பாட்டியாரிடம் தனித்து, மெல்லக் கேளுங்கள். உங்கள் கல்லூரிக் கழிப்பறையின் வாயிலை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலி நுழையாவிட்டால் முதல்வரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தோழர் தாகம் தீர நீர் அருந்திவிட்டு மாலை வரை உங்களோடு அமர்ந்து படிப்பதற்கு அந்த அகன்ற வாயில் ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.